ஞாயிறு நாடகத்தில் வந்த குரல்

சண்டையால் கொழும்புப் பாதை பூட்டியிருந்த அந்த வருடங்களில் வன்னியில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் என்னைப்போல ஐம்பதை எட்டிப் பார்க்கிறவர்கள்தான். படியிறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறவர்கள்தான். போன மாதம் ஒரு செத்தவீட்டில் எங்களில் நாலைந்து பேர் ஒரு மூலையில் கதிரை போட்டு இருந்தோம். "அந்த நேரம் உங்கட வீட்டில என்னத்தில றேடியோ கேட்டனீங்கள்?" என்று ஒருவர் கேட்டார். உடனே ஆளுக்கொரு கதை வந்தது. பழைய பற்றரியைக் கூரைத் தகரத்தில் காயப்போட்டு உயிர்ப்பித்த கதை, பற்றரியின் அடியில் ஆணியால் துளைத்து உப்புத்தண்ணீர் விட்ட கதை. என் முறை வந்தபோது "எங்கட வீட்டில சைக்கிள் டைனமோ" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை அங்கே சொல்ல மனம் வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு முரசுமோட்டையில், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். அப்பாவின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் காணி எடுத்தவர். அப்பா அந்த வயலிலேயே வளர்ந்து அதையே செய்தார். அதிகம் கதைக்காத மனிதர். அவர் ஒரு முடிவு எடுத்தால் அது வீட்டில் இருந்த எல்லோருக்குமான முடிவு. சிலவேளை பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்துத்தான்.

ரேடியோ அவருடையது. தோல் உறை போட்டது. உறையில் சிறு சிறு துளைகள். மூக்கை வைத்து மணந்தால் பழைய செருப்பும் சூடான மெழுகும் கலந்த ஒரு மணம் வரும். வன்னிக்குப் பற்றரி கொண்டுவருவதை அரசாங்கம் தடைசெய்த பிறகு, கிளிநொச்சியில் ரேடியோ திருத்துகிற ஒருவர் ஒரு வெறும் மீன்தகரப் பேணிக்குள் ஏதோ சின்னச் சாமான்களைப் பூட்டி, சைக்கிள் டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் கொடுத்துவிட்டார். விளாத்தி மரத்தடியில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவோம். ஒருவர் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்ற வேண்டும். வேகம் குறைந்தால் குரல் கிணற்றுக்குள் இறங்கும். கை நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

அப்பா செய்திக்கு மட்டும் சுற்றுவார். மற்றதெல்லாம் அவருக்குக் கூத்து. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கொழும்பிலிருந்து ஒரு தொடர் நாடகம் போகும். அதற்கு மட்டும் அம்மா எப்படியோ அவரிடம் அனுமதி வாங்கியிருந்தா. கந்தோர் உத்தியோகத்தர் ஒருவரின் குடும்பக் கதை, சிரிப்பு நாடகம். ஷெல் சத்தத்துக்கு நடுவில் சிரிக்க அந்த அரை மணித்தியாலம்தான் இருந்தது. அக்கம்பக்கத்தார் பத்துப் பன்னிரண்டு பேர் வந்துவிடுவார்கள். அம்மா மரவள்ளிக்கிழங்கு அவித்து, சம்பல் இடித்து வைப்பா. பெடல் சுற்றுவது என் வேலை. எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் வீட்டில் ஒரே பெண்பிள்ளை, கையில் பலம் இருக்கிறதென்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை.

வருகிறவர்களில் ஒருவர் எங்கள் வயல் மூலையில் கொட்டில் போட்டிருந்த அக்கா. மலையகத்துக்காரி. அவவின் தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தில் நடந்த அடிதடிக்குப் பயந்து வன்னிக்கு வந்து, கனகராயன்குளத்துக்கு அங்காலே காணி திருத்தியவர்கள். அக்காவின் புருஷன், அவ ஆறு மாத வயிற்றோடு இருந்தபோது, வேலை தேடிக் கொழும்புக்குப் போனவர். போய் இரண்டு கிழமையில் சண்டை தொடங்கியது, பாதை பூட்டியது. ஊர் இடம்பெயர்ந்தது. அக்கா ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் பிள்ளை பெற்று, அதைச் சேலையில் கட்டிக்கொண்டு நடந்து எங்கள் பக்கம் வந்தா. எங்கள் வயலில் களை பிடுங்க வந்தவ, அப்படியே தங்கிவிட்டா. குழந்தைக்கு மதி என்று பெயர். இங்கே மற்ற எவருக்கும் நான் பெயர் எழுதவில்லை. இந்தப் பெயரை எழுதாமல் கதையைச் சொல்ல முடியாது.

இரண்டரை வருடமாகப் புருஷனிடமிருந்து ஒரு சொல் இல்லை. அப்பா ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"ஒண்டில் அவன் உயிரோட இல்லை. இல்லாட்டி அங்க ஒரு குடும்பம் வைச்சிட்டான்," என்று அம்மாவிடம் சொன்னார். "குமர்ப் பெட்டை மாதிரி இருக்கிறவ ஒரு கொட்டிலுக்க தனிய எத்தினை நாளைக்கு இருக்கிறது?"

எங்கள் வயல் உழுகிற உழவு மெசின்காரர் மனைவியை இழந்தவர். குடிக்காத, நல்ல மனிதர். அக்காவைக் கேட்டு அப்பாவிடம் வந்திருந்தார். அப்பாவுக்கு அது சரியாகப் பட்டது. அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. அரிவு வெட்டு முடியட்டும் ஐயா என்று மட்டும் சொன்னா. அறுவடை முடிய இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது. அப்பா நல்லதென்று நினைத்துத்தான் செய்தார். நல்லதென்று நினைத்துச் செய்கிறவரிடம் மாட்டேனென்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இந்த வயதில்தான் விளங்குகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாடகத்தில் ஒரு புதுப் பாத்திரம் வந்தது. கந்தோருக்கு முன்னால் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். மலையகப் பேச்சு. "தொரைக்குச் சீனி போடட்டுங்களா, இல்ல வீட்டம்மா போட்டதே போதுங்களா?" என்று அவர் கேட்டதும் மரத்தடி முழுவதும் சிரித்தது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் மாமா துடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "தோட்டக்காட்டுக் கதை கேட்டியளோ" என்று அந்தப் பேச்சைத் தானும் பேசிக் காட்டினார். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. பெடலைச் சுற்றிக்கொண்டே "தொரைக்குச் சீனி போடட்டுங்களா" என்று இழுத்தேன். எல்லோரும் இன்னும் சிரித்தார்கள்.

அப்போதுதான் அக்காவைப் பார்த்தேன். மடியில் பிள்ளை நித்திரை. அக்கா சிரிக்கவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஒரு கையை நெஞ்சில் வைத்திருந்தா. எங்கள் சிரிப்பு அவவுக்கு நோகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். முகம் அப்படிச் சூடாகிவிட்டது எனக்கு. ஆனால் அவ எங்களைக் கேட்கவேயில்லை. ரேடியோவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தா.

"எங்க ஊட்டுக்காரரு," என்றா.

"என்ன பிள்ளை?" என்றா அம்மா.

"அவருதாங்க. சிரிக்கிறதுக்கு முன்னாடி மூச்ச உள்ள இழுப்பாரு. கேட்டீங்கதானே?"

நாடகம் முடிகிற இசை போனது. இனி நடித்தவர்களின் பெயர் வாசிப்பார்கள். நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை நின்றுவிட்டது. அறிவிப்பாளர் "பங்குபற்றியவர்கள்..." என்றது இழுபட்டு அமிழ்ந்தது. திடுக்கிட்டுப் பெடலை வெடுக்கென்று இழுத்துச் சுற்றினேன். செயின் கழன்றது. அம்மா ஓடிவந்தா, மாமா ஓடிவந்தார், கறுப்புக் கிரீஸ் எல்லோர் கையிலும். செயினைக் கொளுவி மறுபடி சுற்றியபோது சவர்க்கார விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

செயின் தானாகக் கழன்றதென்றே எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

ஒருவரும் அக்காவை நம்பவில்லை. "உலகத்தில ஒரே மாதிரிக் குரல் எத்தினை இருக்குது" என்றார் மனேஜர் மாமா, இப்போது சிரிக்காமல், இரக்கமாக. அந்த இரக்கம் இன்னும் மோசமாக இருந்தது. அப்பா வயலிலிருந்து வந்து விசயத்தைக் கேட்டார். மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு அக்காவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"பிள்ளை, உம்மட மனிசன் நாடகக்காரனோ?"

"கோயில் திருவிழாவில பபூன் வேஷம் கட்டுவாருங்க."

"பபூன் கட்டினவனையெல்லாம் கொழும்பு றேடியோவில எடுப்பினமோ?" அப்பா கொஞ்சம் யோசித்தார். "சரி. வாற கிழமையும் நாடகம் போகும். பேர் வாசிப்பினம். அவன்ர பேர் வந்தால் நான் வாய் திறக்கமாட்டன். வராட்டில், நீர் நான் சொல்லுறதைக் கேக்கோணும். சரியோ?"

அக்கா பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டா. "சரிங்க ஐயா."

அந்தக் கிழமை முழுவதும் நான் செயினுக்கு எண்ணெய் விட்டேன். மசகு எண்ணெய் எங்கே இருந்தது? பொரித்து மிஞ்சிய தேங்காயெண்ணெயைக் கோழிச் செட்டையால் தொட்டுத் தொட்டுப் பூசினேன். சைக்கிளில் வடை மணந்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தபோது அக்கா சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, பெடலை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் எழும்பிப் போய்விட்டா.

அடுத்த ஞாயிறு வழக்கத்தைவிட ஆட்கள் கூட. கதை ஊரில் பரவிவிட்டது. நாடகம் கேட்க வந்தவர்களைவிடப் பெயர் கேட்க வந்தவர்களே அதிகம். அப்பாவும் வந்து, வேலியோரம் ஒரு மரக்குற்றியில் இருந்தார். தேத்தண்ணிக் கடைக்காரர் வந்தார். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பு நாடகத்தை ஒரு கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது அன்றைக்குத்தான் இருக்கும்.

முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் பொம்மர் வந்தது.

அந்தச் சத்தத்தை உங்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. முதலில் வானத்தின் ஓரத்தில் ஒரு இரைச்சல். பிறகு அது உங்கள் வயிற்றுக்குள் இருக்கும். எல்லோரும் முற்றத்தில் வெட்டியிருந்த பங்கர் குழிக்கு ஓடினார்கள். அம்மா என் கையைப் பெடலிலிருந்து பிடுங்கி இழுத்தா. இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அக்கா பிள்ளையை அம்மாவின் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் போய்ச் சைக்கிளுக்கு முன்னால் குந்தினா. பெடலைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினா.

"பிள்ளை, விட்டிட்டு வாரும்!" அப்பா பங்கர் வாசலில் நின்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது வாழ்க்கையில் இரண்டு மூன்று தரம்தான்.

அக்கா அசையவில்லை. ஆனால் அவவுக்குச் சுற்றிப் பழக்கமில்லை. ஒரு கையால் சுற்றிக்கொண்டு ரேடியோவில் காதை வைக்கவும் முடியவில்லை. குரல் எழும்பி எழும்பி விழுந்தது. அப்பா இரண்டு படி இறங்கினார். நின்றார். பிறகு ஏறிப் போனார்.

பங்கரின் வாசல் வழியாக எனக்கு அப்பாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. சேறு காய்ந்த அந்தக் கால்கள் சைக்கிளுக்குப் பக்கத்தில் மடங்கின. குரல் சீராக எழும்பியது. பரந்தன் பக்கமாக எங்கோ குண்டு விழுந்தது. பங்கரின் பனங்குற்றிகளுக்கு இடையால் மண் கொட்டியது. மதி வீரிட்டு அழுதது. அம்மா பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு முருகா முருகா என்றா. இரண்டாவது குண்டு. அதற்குப் பிறகு இரைச்சல் தேய்ந்து போனது.

நாங்கள் ஏறி வந்தபோது அப்பா இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார். நாடகம் முடிந்து ஏதோ சினிமாப் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. அம்மா போய்த் தோளைத் தொட்டதும்தான் கையை எடுத்தார்.

"பேர் வந்ததோ?" என்றார் மனேஜர் மாமா.

அப்பா அக்காவைப் பார்த்தார். "தேத்தண்ணிக் கடைக்காரருக்கு வேற பேர் சொன்னவங்கள், பிள்ளை. மதிவாணன் எண்டு."

அக்கா நிலத்தில் இருந்தா. முகமெல்லாம் கண்ணீர். ஆனால் அழுகிற முகமில்லை.

"அவர்தாங்க ஐயா. பொறக்கப்போற புள்ளைக்கு மதின்னு வைக்கச் சொல்லிட்டுத்தான் போனாரு. ஆணோ பொண்ணோ, மதின்னு. அவரு போன பொறவுதான் புள்ள பொறந்திச்சு, பொறந்திச்சான்னே அவருக்குத் தெரியாது. அந்தப் பேர எடுத்துத் தனக்கு வச்சிருக்காரு."

மதிவாணன் என்ற பெயர் நாட்டில் ஆயிரம் பேருக்கு இருந்திருக்கும். அது அப்பாவுக்குத் தெரியாமல் இல்லை. பேச்சுப்படி பார்த்தால் அவர்தான் வென்றார். எல்லோரும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கையில் ஒட்டியிருந்த தேங்காயெண்ணெயைச் சாரத்தில் துடைத்தார்.

"நாளைக்கு விடிய வாரும்," என்றார். "றேடியோக்காரருக்கு ஒரு கடிதம் எழுதுவம்."

அன்று பின்னேரமே சைக்கிளை நிமிர்த்தி, உழவு மெசின்காரரின் வீட்டுக்குப் போனார். அவரிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. அந்த மனிதர் அதன் பிறகும் எங்கள் வயலை உழுதார். அக்காவைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு, "சுகமோ தங்கச்சி" என்று கேட்டுவிட்டுப் போவார்.

கடிதத்தை அப்பாவே எழுதினார், என் கொப்பியில் கிழித்த தாளில். அக்கா சொல்லச் சொல்ல எழுதினார். அக்கா நிறையச் சொல்லவில்லை. ஊர் மாறிவிட்டது, இப்போது முரசுமோட்டையில் இருக்கிறோம், பெண்பிள்ளை, அதற்கு உங்கள் காது. அவ்வளவுதான். 'உங்கள் காது' என்பதை எப்படி எழுதுவது என்று அப்பா சிறிது நேரம் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு அவ சொன்னபடியே எழுதினார். வவுனியாவுக்கு வைத்தியத்துக்குப் போன ஒருவரிடம் அது போனது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மதியை ரேடியோவுக்குப் பக்கத்தில் இருத்துவா அக்கா. "அப்பா பேசுறாரு, கேளு." பிள்ளை தோல் உறையின் துளைகளில் விரலை விட்டுப் பார்க்கும். பெடல் சுற்றுவதை அப்பா என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். நாடகம் கூத்து என்று அவர் சொல்லி நான் பிறகு கேட்கவில்லை. ஒருநாள் தேத்தண்ணிக் கடைக்காரர் ஏதோ சொல்ல, அவர் தனியே சிரித்துவிட்டு, எங்களைப் பார்த்ததும் இருமினார்.

பதில் வர நாலு மாதம் ஆனது. அது கடிதமாக வரவில்லை. எங்கள் வீட்டில் ஒருவரும் பாட்டு நிகழ்ச்சி கேட்பதில்லை. அதற்குப் பெடல் சுற்ற ஆளில்லை. ஒரு சனிக்கிழமை, பத்து மணி இருக்கும், வியர்த்து விறுவிறுத்து ஒரு அம்மா சைக்கிளில் வந்து படலையில் இறங்கினா. முன்பின் தெரியாதவ. கண்டாவளையிலிருந்து வருகிறாவாம்.

"இஞ்ச மதி எண்டு ஒரு சின்னப்பிள்ளை இருக்கோ?"

"ஓம், ஏன்?" என்றா அம்மா.

"றேடியோவில விருப்பப் பாட்டுப் போனது. முரசுமோட்டையில இருக்கிற மதிக்கும் அம்மாவுக்கும், அப்பா நல்ல சுகம், கடிதம் கிடைச்சுது எண்டு வாசிச்சவங்கள். நீங்கள் கேக்காமல் விட்டிருப்பியள் எண்டு நினைச்சன். மனம் கேக்கேல்லை."

அம்மா அவவுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் வந்தார். மத்தியானத்துக்குள் ஐந்து பேர். ஒருவர் பாட்டையும் பாடிக் காட்டினார், ஸ்வரம் தப்பி. பின்னேரம் மனேஜர் மாமா வந்தார். அவரும் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு முன்னால் நின்று, "என்னை மன்னிச்சிடு பிள்ளை" என்றார். எதற்கென்று சொல்லவில்லை. அக்கா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா.

வன்னியை விட்டு வெளியே போகிற பாஸ் எடுக்க இன்னும் இரண்டு மாதம்; வருகிற நாளைச் சொல்லி இன்னொரு கடிதமும் போனது. புறப்பட்ட அன்று நான் அக்காவிடம் செயின் கதையைச் சொல்லிவிட்டேன். அவ என் கன்னத்தைத் தட்டி, "தெரியும் பாப்பா" என்றா. அவ்வளவுதான். தனியே விடமாட்டேன் என்று அப்பாவும் பாஸ் எடுத்துக்கொண்டு கூடப் போனார். பிள்ளையை முன்னால் வைத்து, அக்காவைப் பின் கரியரில் ஏற்றிக்கொண்டு அவர் போனதை ஊர் நின்று பார்த்தது.

அக்கா குடும்பம் பிறகு செட்டிகுளத்தில் காணி எடுத்தது. மனிதர் இன்னும் ஒரு வருடம்போல் நாடகத்தில் வந்தார், பிறகு விவசாயத்தோடு நின்றுவிட்டார். மதிக்கு இப்போது வளர்ந்த பிள்ளைகள். இவையெல்லாம் பின்னால் தெரிந்தவை.

அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அப்பா திரும்பி வந்து சொன்னதுதான். மூன்றாம் நாள் பின்னேரம் வந்தார். முகம் புழுதியால் மூடியிருந்தது. கால் கழுவாமலே குசினி வாசலில் இருந்தார். அம்மா கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

"வவுனியாவில பஸ் ஸ்ராண்டில நிண்டவன். மெலிஞ்ச பெடியன். பிள்ளை அவனைப் பாத்திட்டுத் தாயின்ர சீலைக்குப் பின்னால ஒளிச்சிட்டுது. அவன் கிட்ட வரவும் பயந்துபோய் நிக்கிறான். நான் சொன்னன், தம்பி, கதையும், ஏதாவது கதையும் எண்டு. அவன் என்னத்தைக் கதைக்கிறது... மதி எண்டு மட்டும் கூப்பிட்டான்."

அப்பா முகத்துப் புழுதியைக் கையால் துடைத்தார்.

"பிள்ளை வெளியில வந்திட்டுது. வந்து, அவனைப் பாக்கேல்லை. அவன்ர பையைத் திறந்து பாக்குது. என்னம்மா தேடுறாய் எண்டு அவன் குனிஞ்சு கேட்டான். றேடியோ எங்க எண்டு கேட்டுது."

அம்மா அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி வைத்தா. அப்பா எழும்பிக் கால் கழுவிவிட்டுச் சோறு கேட்டார்.